பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்கள்

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த சுஹறாவை எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசலால் ஏறி, டிரைவருக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். இருக்க இடம் கிடைத்தாலும் இருக்கமாட்டாள். "இரிந்தா கால் மரத்துப் போயிரும். பொறகு இறங்கி ஓட ஏலா" என்பாள். பஸ் நின்றதும் அவள் நெல் ஆலையின் கேற்றை நோக்கி ஓடவேண்டும்.

நான் மேற்கே வயல் ஊர் ஒன்றில் இருந்த பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த பஸ்தான். பிந்திப் போனால் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவுதான். மாதம் முடிய என் சம்பளம் குறையாமல் வரும். சுஹறா பிந்திப் போனால் அன்று வீட்டில் உலை வைப்பது பாதியாகும். ஒரே பஸ்ஸில், ஒரே நெரிசலில், ஒரே வெயிலில் காத்திருந்துவிட்டு இறங்கியவர்கள்தான் நாங்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முன்னர் அவள் வேலைக்குப் போனவள் அல்ல. புருசன் முனாப்புக்கு ஒரு தோணியில் பங்கு இருந்தது. சூறாவளி அந்தத் தோணியைத் தென்னைகளுக்கு மேலாகத் தூக்கி எறிந்து விறகாக்கிவிட்டது. வீட்டுக் கூரையும் போய்விட்டது. அதற்குப் பிறகு முனாப் மற்றவர்களின் கரைவலையில் இழுவைக்குப் போனான். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் இல்லை. வயலுக்கு நெல் வெட்டுக்குப் போவான், கிடைத்தால். இரண்டு பெண்பிள்ளைகள். சுஹறா நெல் ஆலைக்கு வேலைக்குப் போக இறங்கியது அப்படித்தான். நெல்லை அவித்து, சீமெந்துக் களத்தில் பரப்பிக் கிளறிக் காயவைக்கும் வேலை. முதல் போகத்திலேயே நெல் அவிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கும் பொறுப்பு அவள் கைக்கு வந்துவிட்டது.

ஆலை அபுல் ஹஸன் ஹாஜியாருடையது. எங்கள் கரையோர ஊர்களிலிருந்து மேற்கே வயல் வெளிக்குள் போகும் வீதியில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியும் இன்னும் கொஞ்சத் தூரம் போகவேண்டும்.

எல்லாத் துன்பமும் அந்தப் பாலத்தில்தான் கிடந்தது. சூறாவளி வெள்ளம் பழைய கல்பாலத்தின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. யார்யாரோ வந்து பார்த்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், போனார்கள். பிறகு இரும்புத் தகடுகளைப் போட்டு ஒரு தற்காலிகப் பாலம் கட்டினார்கள். மழைக்காலம் முடியப் புதுப்பாலம் வந்துவிடும் என்று சொன்னார்கள். மழைக்காலங்கள் வந்து வந்து போயின, தகடுகள் துருவேறின, தற்காலிகம் மட்டும் நிரந்தரமாக நின்றது. ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம், அதுவும் ஊர்ந்துதான். இரண்டு பக்கமும் கொடியோடு ஒவ்வோர் ஆள். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடிந்தால்தான் இந்தப் பக்கத்துக்குப் பச்சைக்கொடி.

பெரும்போக அறுவடைக் காலத்தில் அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். விடியும் முன்னரே வரிசை தொடங்கிவிடும். நெல் ஏற்றிய லொறிகள், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்கள், மாட்டு வண்டிகள், மீன் கூடை கட்டிய சைக்கிள்கள், நடுவில் எங்கள் பஸ். மாடுகள் மிரளும். ஒருவன் முந்தப் பார்த்து வயலுக்குள் இறங்கிவிட்டால் அவனைத் தூக்கி எடுக்கும்வரைக்கும் எல்லோரும் நிற்கவேண்டும். பஸ்ஸுக்குள் வெட்டுக்குப் போகும் ஆண்கள், கொத்தனார்கள், சந்தைக்குப் போகும் பெண்கள் என்று நெருக்கியடித்து நிற்போம். பொழுது ஏற ஏற அவர்களுடைய முகங்கள் சுண்டிப்போகும். வயல்காரன் ஆட்களைப் பொறுக்குவது விடியற்காலையில். பிந்திப் போகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வரவேண்டியதுதான்.

ஆலையில் சங்கு ஊதியதும் கேற்றை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போனால் கணக்கப்பிள்ளை பக்கீர் சின்னக் கதவால் உள்ளே விடுவார். ஆனால் அரை நாள் கூலி வெட்டு. இன்னும் பிந்தினால் உள்ளேயே விடமாட்டார். அரை நாள் கூலிக்கு வேலை அரை நாள் அல்ல, அதைக் கவனிக்கவேண்டும். காய்கிற நெல் பாதியில் எழுந்து போகவிடுமா? மாலைவரைக்கும் முழு வேலையும் செய்துவிட்டுத்தான் அரைக் கூலியோடு திரும்புவார்கள்.

சுஹறாவும் மற்றப் பெண்களும் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். விடியற்காலைச் சுபஹ் பாங்குக்கு முன்னரே புறப்பட்டுப் பார்த்தார்கள். அந்நேரத்தில் பஸ் இல்லை. வரிசையில் பஸ் நின்றதும் இறங்கி நடந்து பார்த்தார்கள். பாலத்துக்கு அப்பாலும் நடை கிடந்தது. போய்ச் சேரும்போது கேற் மூடியிருக்கும், காலும் ஓய்ந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் சுஹறா கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பஸ் பாலத்து வாயில் நின்றுகொண்டிருந்தது. சிவப்புக்கொடி. வரிசையை வலப்பக்கமாகக் கடந்து ஓர் உழவு இயந்திரம் வந்தது. கொடிக்காரன் பாக்கியராசா அதற்குப் பச்சையைக் காட்டினான். பின்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து வயல்களின் நெல். பெட்டிகளில் அடுக்கியிருந்த சாக்குகளில் சிவப்பு மையால் ஹாஜியாரின் எழுத்து அடித்திருந்தது.

"குணம் அண்ணன்," என்று டிரைவரைக் கேட்டாள், "இந்த மெசினெல்லாம் நமக்குப் பின்னால வந்ததல்லவா?"

"ஓம் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். கொடிக்காரனுக்கு மாசம் முடிய ஒரு மூட்டை அரிசி போகுது. பஸ் என்ன குடுக்கும்?"

அன்று அவளுக்கு அரை நாள் வெட்டு. கேற்றடியில் நின்று பக்கீரிடம் கேட்டாளாம்.

"பக்கீர் காக்கா, மில்லுட நெல்லு போறத்துக்குத்தான் எங்கட பஸ்ஸ மறிச்சு வெச்சிரிக்கான். அதுக்கு எங்களுக்கென்னத்துக்கு வெட்டு?"

"நான் என்ன செய்ய புள்ள? சங்கு ஊதினாக் கேற்ற மூடு எண்டு சொல்லியிரிக்கி. மூடுறன்."

"பிந்தினவங்க ஏன் பிந்தினாங்க எண்டு கேக்கிறல்லயா?"

"அதக் கேக்கச் சொல்லல்ல."

அதைக் கேட்கச் சொல்லவில்லை. எத்தனை வசதியான பதில்! ஹாஜியாருக்கு அந்தப் பாலம் உடைந்து கிடந்ததில் ஒரு நட்டமும் இருக்கவில்லை. அவருடைய நெல் முந்திப் போனது. பிந்தி வந்த பெண்களின் அரை நாள் கூலி அவருடைய பணப்பெட்டிக்குள் இருந்தது. கரையோரப் பெண்கள் ஓரளவாவது போய்ச் சேரக்கூடிய ஆலை அது ஒன்றுதான் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகென்னத்துக்குக் கூலியைக் கூட்டவேண்டும்?

வேறு ஆலை இல்லாமல் இல்லை. இன்னும் மேற்கே, நீராவிக் கொதிகலன் வைத்த பெரிய ஆலை ஒன்று இருந்தது. அங்கே மாதச் சம்பளம், ஓய்வுகாலத்துக்குச் சேமலாப நிதியும் உண்டு. கொப்பரைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை சுஹறா அங்கே போனாள். மேற்பார்வை பார்த்த தங்கரத்தினம் என்பவர் தன்மையாகத்தான் கதைத்தாராம். அவித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஒரு பிடி நெல்லை எடுத்து உமி உரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார்.

"வேலை நல்லாத் தெரிஞ்சிரிக்கி அம்மா. எங்கயிருந்து வாறீங்க?"

"சாய்ந்தமருது ஐயா."

அவருடைய முகம் மாறிவிட்டது. "அப்ப சரிவராதே. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள நாங்க எடுக்கிறல்ல."

"ஏன் ஐயா?"

"நேரத்துக்கு வரமாட்டாங்க."

"நான் பிந்தமாட்டன் ஐயா. நடந்தெண்டாலும் வருவன்."

"நீங்க பிந்தமாட்டீங்க. ஒங்கட பஸ் பிந்தும். பொயிலருக்கு நெருப்பு மூட்டினா அது பஸ்ஸுக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமா? போன வருசம் ரெண்டு பேர எடுத்துக் கஷ்டப்பட்டம் அம்மா. குறை நினைக்காதீங்க."

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் இதை எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "களவெடுத்தவள் எண்டு எடுக்காட்டிச் சரி. நோய்க்காரி எண்டு எடுக்காட்டியும் சரி. ஆத்துக்கு இந்தப் பக்கம் பொறந்ததுக்கு எடுக்கமாட்டானாம்! வேலை தெரியாதெண்டாச் சொல்லட்டும், படிச்சிட்டுப் போறன். பாலத்த நானா ஒடச்ச?"



எண்பத்தொன்றாம் ஆண்டுப் பெரும்போகத்தில் அது வெடித்தது. சுஹறாவோடு வேலை செய்தவள் பூமணி. காரைதீவுப் பெண், கைக்குழந்தைக்காரி. குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வருவாள். அந்தக் கிழமையில் பல நாள் பிந்திவிட்டாள். இனி ஒரு நாள் பிந்தினால் வரவேண்டாம் என்று பக்கீர் சொல்லியிருந்தார். அன்று காலையில் பஸ் பாலத்து வாய்க்கு வந்து நின்றபோது அவள் ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக்கொடி. வலப்பக்கமாக முதல் உழவு இயந்திரம் போனது. இரண்டாவது போனது.

"ராத்தா, இண்டையோட என்ட வேலை போச்சு," என்றாள் பூமணி சுஹறாவிடம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுஹறா கம்பியை விட்டாள். "குணம் அண்ணன், கதவத் திறங்க" என்றாள். இறங்கி நேரே போய்ப் பாலத்துத் தகடு தொடங்குகிற இடத்தில், வந்துகொண்டிருந்த மூன்றாவது இயந்திரத்துக்கு முன்னால் குந்திவிட்டாள்.

சாரதி பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டுக் கத்தினான். பாக்கியராசா கொடியோடு ஓடி வந்தான். அவள் அசையவில்லை. பூமணி இறங்கிப் போய்ப் பக்கத்தில் குந்தினாள். பிறகு மற்ற ஆலைப் பெண்களும். நாங்களும் இறங்கி நின்றோம். பின்னால் வரிசையில் ஹோர்ன் சத்தம் காதை அடைத்தது. என்ன நடக்கிறதென்று தெரியாதவர்கள்தான் அதிகமாக அடித்தார்கள்.

அந்நேரம் பார்த்து ஹாஜியாரின் கார் வந்தது. அதுவும் வலப்பக்கத்தாலேயே. அவர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"யாரு இது? றோட்டுக்கு நடுவுல என்ன கூத்து?"

"கூத்தில்ல ஹாஜியார். வேலைக்குப் போறம்," என்றாள் சுஹறா, எழும்பாமலேயே.

"வேலைக்குப் போறவ பஸ்ஸுக்குள்ள இரிக்கணும்."

"பஸ்ஸுக்குள்ள இரிந்து பாத்திட்டம். நாங்க இரிக்க இரிக்க ஒங்கட மெசின் ஒவ்வொண்டாப் போகுது. பொறகு கேற்றடியில ஒங்கட ஆளே பிந்திட்டாய் எண்டு வெட்டுறார். எங்களப் பிந்த வைக்கிறதும் நீங்க, பிந்தினதுக்கு வெட்டுறதும் நீங்க. இது எந்த ஊர் ஞாயம்?"

"நெல்லு நேரத்துக்கு வராட்டி மில்லு ஓடாது. மில்லு ஓடாட்டி ஒனக்கு வேலையுமில்ல. வெளங்குதா?"

"நெல்லு தானா அவியாது ஹாஜியார். அவிக்கிற கை இஞ்ச கிடக்குது."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஹாஜியார் சுற்றிவரப் பார்த்தார். ஜும்ஆவுக்கு அவரோடு ஒரே பள்ளிவாசலில் நிற்பவர்கள், அவருடைய கடையில் சாமான் வாங்குபவர்கள், என்னைப் போன்ற வாத்திமார். ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. அவர் உழவு இயந்திரத்துச் சாரதியைப் பார்த்து, "பின்னுக்கு எடு" என்றார். எல்லோரும் திரும்பி ஏறினோம், பஸ் பாலத்தில் ஏறியது.

நாங்கள் பஸ்ஸுக்குள் கைதட்டினோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி. பாலம் தாண்டியதும் அந்தக் கார் எங்களை முந்திக்கொண்டு போனதை நாங்கள் கவனித்தோம், ஆனால் யோசிக்கவில்லை.

ஆலையடியில் கேற் திறந்துதான் இருந்தது. பக்கீர் வாசலில் நின்றார். பெண்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார். சுஹறா வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ இனி வரத் தேவையில்லயாம் புள்ள. ஹாஜியார் சொல்லிட்டார்."

பூமணி திரும்பி வெளியே வரப் பார்த்தாள். சுஹறா அவளுடைய தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "நீ போ. ஒண்ட புள்ளக்கிப் பால்மா நானா வாங்கித் தரப்போறன்? போ உள்ளுக்கு."

தொழில் விவகாரம் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கும் அவள் போனாள். அங்கிருந்த உத்தியோகத்தர் விசிறிக்குக் கீழே இருந்தபடி கேட்டார். அவள் அமய வேலைக்காரி, அதாவது நாட்கூலி, நிறுத்தினால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றார். பாதையில் நெரிசல் என்றால் அது முதலாளியின் குற்றமாகாது என்றார்.

"அவர்ர மெசினாலதான் நெரிசல் ஐயா."

"அத நீங்க றோட்டுக் கந்தோரில சொல்லணும்."

றோட்டுக் கந்தோரில் சொன்னால், கொடிக்காரன் பாலம் கட்டும் கொந்தராத்துக்காரனின் ஆள், தங்களுடைய ஆள் இல்லை என்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் பொறுப்பில்லை. அந்தப் பாலத்தில் ஒவ்வொரு நாளும் இத்தனை பேரின் உழைப்பு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்கு உரிமைக்காரன் யாருமில்லை! இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவன் ஒரு மூட்டை நெல்லைத் திருடினால் பொலிஸ் வரும். ஓர் ஊரின் காலைப்பொழுதை நாள்தோறும் திருடினால் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

பாலத்திலும் பழையபடி இயந்திரங்கள் முந்தத் தொடங்கின. கூலி வெட்டும் தொடர்ந்தது. ஆனால் பெண்கள் குறையத் தொடங்கினார்கள். ஒருத்தி மருதமுனைக்கு நெசவுக்கு நூல் சுற்றப் போனாள். ஒருத்தி வீட்டோடு பாய் இழைக்க இருந்துவிட்டாள். அரைக் கூலிக்கு முழு வேலை செய்வதைவிட அது மேல் என்றார்கள். ஹாஜியார் ஆலைக்குப் பக்கத்துக் குடியேற்றத்தில் ஆள் எடுத்தார். அவர்கள் சில நாள் வந்துவிட்டு வயல் வெட்டுக்குப் போய்விட்டார்கள். அறுவடைக் காலத்தில் வயலில் கூலியும் அதிகம், நெல்லும் கிடைக்கும்.

அந்த மாசியில் எதிர்பாராத மழை. களத்தில் குவித்துக்கிடந்த நெல் ஈரமாகிச் சூடேறத் தொடங்கியது. இனி இரண்டு நாள் போனால் முளைத்துவிடும். அப்போதுதான் பக்கீர் சைக்கிளை மிதித்துக்கொண்டு சுஹறாவின் வாசலுக்கு வந்தார்.

"ஹாஜியார் ஒங்கள வரச் சொல்லியிரிக்கார். வெட்டு இல்ல. நீங்க பஸ்ஸுல வரத் தேவையுமில்ல. மில்லு மெசின் பெட்டி வந்து ஒங்களையெல்லாம் ஏத்திக்கொண்டு போகும். பாலத்துல நிக்கத் தேவையில்ல."

வீட்டில் அரிசி இல்லை. சுஹறா "ஓம்" என்றாள். மற்றப் பெண்களையும் அவளே போய்க் கூட்டி வந்தாள்.

மறுநாள் காலையில் அவர்கள் பெட்டியில் ஏறி, சாக்குகளைப் பிடித்துக்கொண்டு, வரிசையை வலப்பக்கமாகக் கடந்து போனார்கள். எங்கள் பஸ் பாலத்து வாயில் நின்றது. பெட்டி எங்களைத் தாண்டும்போது சுஹறா தலையைத் திருப்பிப் பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் கத்தியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்தபடி முனாப் இருந்தான். அன்று வெட்டுக்குப் போக வந்திருந்தான். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி பாலத்தில் ஏறிவிட்டது.

அன்று மாலையில் அவள் முழுக் கூலியோடு வீட்டுக்கு வந்தபோது முனாப் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தானாம். அன்றைய கூலி என்று அவனிடம் ஒன்றுமில்லை.

"வெட்டுக்குப் போகல்லயா?"

"போன. நாங்க போய் இறங்கக்குள்ள ஆள் எடுத்து முடிஞ்சி. ஒங்கட மெசினுகளப் போகவிட்டுத்தானே பஸ்ஸ விட்டான்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான்.

சுஹறா வாங்கி வந்த அரிசியை இறக்கி வைத்தாள். "அப்ப இண்டைக்கு நான் ஒழைச்சது ஒங்கட கூலியத்தானா?"

"என்ன கதை இது? உலைய வை. புள்ளைகள் பசியோட இரிக்கிதுகள்."

"இல்ல, கேக்கிறன். என்னத் தூக்கிப் பெட்டியில வெச்சான், ஒங்களத் தூக்கி வெளியில போட்டான். ஹாஜியாருக்கு என்ன நட்டம்? ஒரு வீட்டுக்குள்ளேயே வெட்டிட்டான் மனிசன்!"

அடுத்த நாள் பெட்டி வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்ததும் சுஹறா சாரதியின் முதுகில் தட்டினாள். "தம்பி, இஞ்ச நிப்பாட்டு. பஸ் போன பொறகு போவம்."

"விளையாடுறீங்களா ராத்தா? ஹாஜியார் என்னக் கொன்றுவார்."

"அப்ப நிப்பாட்டு, இறங்குறம்."

அவள் குதித்தாள். பூமணி இறங்கினாள். இன்னும் சிலர் இறங்கினார்கள். நாலைந்து பேர் பெட்டியிலேயே இருந்துகொண்டார்கள். அவர்களை அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டு அடுப்பை அவளுக்குத் தெரியும். இறங்கியவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். எங்களுக்கு முன்னால் சிவப்புக்கொடி. பின்னால் அந்த இயந்திரம் வலப்பக்கமாக வரத் தொடங்கியது.

அப்போது குணம் ஒரு வேலை செய்தான். பஸ்ஸைக் கொஞ்சம் முன்னே உருட்டிப் பாலத்து வாயில் குறுக்காக நிறுத்தினான். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தான். "பஸ் போகாட்டி ஒண்டும் போகாது" என்றான்.

வெட்டுக்காரர்களும் கொத்தனார்களும் இறங்கிப் பாக்கியராசாவைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். சுஹறா நடுவில் புகுந்து அவர்களைத் தள்ளிவிட்டாள்.

"அவர அடிச்சென்ன காணப்போறீங்க? அவரும் நாட்கூலிதான்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இஞ்ச பாருங்க தம்பி. மாசத்துக்கு ஒரு மூட்டை அரிசி ஒங்களுக்கு. இந்த பஸ்ஸுக்குள்ள எத்தின வீட்டுச் சோறு நிக்குது? நீங்களே சொல்லுங்க, எத முதல்ல விடணும்?"

பாக்கியராசா சிவப்புக்கொடியைச் சுருட்டினான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். பச்சைக்கொடியை எடுத்து பஸ்ஸைப் பார்த்துக் காட்டினான்.

அந்தப் போகம் முடியும்வரை காலையில் பஸ்தான் முந்திப் போனது. கூலி வெட்டும் நின்றது, இந்தப் போகத்துக்கு மட்டும் என்று சொல்லி. ஹாஜியாருக்குத் திடீரென்று ஞாயம் விளங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். களத்தில் நெல் முளைக்கும் நிலையில் கிடந்தது, அவிக்க ஆள் இருக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு முந்திய இரண்டு வருசமும் அதே பெண்கள் அதே கேற்றடியில் கெஞ்சியபோது அவருக்குக் காது கேட்கவில்லையே! அறுவடை முடிந்து கடைசி மூட்டையும் தைத்த பிறகு, வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்று சுஹறாவிடம் பக்கீர் சொன்னார். சொல்லி அனுப்பவே இல்லை. மற்றப் பெண்களைக் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை.

அவள் கொஞ்ச நாள் கடற்கரையில் கருவாடு காயவைத்தாள். பிறகு மேற்கே ஒரு நெற் களஞ்சியத்தில் சாக்குத் தைக்கும் வேலை கிடைத்தது. மறுபடியும் அதே பஸ், அதே கம்பி, அதே பாலம். அங்கேயும் பிந்தினால் அரை நாள்தான். கேற்றுகள் எல்லாம் எங்கேயோ ஒன்றாக இருந்து கதைத்துப் பேசிக்கொண்டவைபோல் ஒரே சட்டம் வைத்திருந்தன.

எண்பத்திரண்டின் கடைசியில் புதுப்பாலம் ஒருவழியாகக் கட்டி முடிந்தது. அகலமான சீமெந்துப் பாலம். இரண்டு லொறிகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். திறப்பு விழா ஒரு வேலைநாள் காலையில். வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, ரிபன் கட்டியிருந்தார்கள். பழைய இரும்புப் பாலத்தின் தகடுகளை முந்திய நாளே பாதி கழற்றிவிட்டார்கள். பெரியவர்கள் வரும்வரை ஒரு வாகனமும் போகக்கூடாது என்று எங்கள் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். பின்னால் வரிசை நீண்டது. நான் பார்த்த வரிசைகளில் அதுதான் நீளமானது.

வெயில் ஏறியது. பெரியவர்கள் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸடிக்கு வந்தார். பந்தலில் ஆட்கள் போதாது போலிருந்தது.

"எல்லாரும் இறங்கி வந்து பந்தலுக்குள்ள இரிங்க. ஒங்கட பாலம்தானே! வாறவங்களுக்குக் கைதட்டோணும். குடிக்கப் பிளேன்ரீ இரிக்கி."

சுஹறா வாசல் கம்பியைப் பிடித்தபடி குனிந்து அவரைப் பார்த்தாள்.

"எங்கட பாலம் எண்டா எங்களப் போக விடுங்க. வேலைக்குப் பிந்துது."

"இண்டைக்கு ஒரு நாள்தானே அம்மா."

"ஒங்களுக்கு ஒரு நாள். நாங்க நாலு வருசமா இந்த ஆத்தங்கரையில நிக்கிறம் மகன். எங்களுக்குக் கைதட்ட ஆர் வருவா?"

பஸ்ஸுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிலர் "ஓம், கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பந்தலைச் சுற்றி, புதுப்பாலத்தின் ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரிபன் குறுக்கே கிடந்தது. அதைத் தூக்கிக் குனிந்து அப்பால் போனாள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஏதோ சொல்லக் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிக்கொண்டார். அவளுக்குப் பின்னால் பூமணியும் கொத்தனார்கள் சிலரும் வரிசையாக நடந்தார்கள். கடைசியில் நானும் இறங்கி நடந்தேன்.

களஞ்சியம் இன்னும் தூரம். அவள் போய்ச் சேரும்போது பகல் ஏறிவிட்டது. பாலம் திறக்கிற விழாவால்தான் பிந்தியது என்று சொன்னாள். மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டார், வாய்ச் சண்டை நெடுநேரம் நடந்தது, அவர் அசையவில்லை. அன்றும் அவளுக்கு அரை நாள் வெட்டு. பந்தலுக்குள் இருந்து கைதட்டிவிட்டுப் போன கந்தோர்க்காரர் எல்லோருக்கும் அன்று முழுச் சம்பளம், பிரயாணப்படியும் சேர்த்து.